அண்ணாச்சியின் முழங்காலுக்காக

மட்டாஞ்சேரித் தமிழ்ச் சபையின் ஞாயிறு ஆராதனையில், நாட்டை ஆளுகிறவர்களுக்காகவும் பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்காகவும் ஜெபித்து முடித்த கையோடு, ஞானாபரணம் அண்ணாச்சியின் முழங்காலுக்காகவும் ஜெபிப்பது வழக்கமாயிருந்தது. போதகர்கள் மாறினார்கள், ஆட்சிகள் மாறின, அந்தப் பிள்ளைகள் பரீட்சை எழுதி வேலைக்கும் போய்விட்டார்கள். முழங்கால் மட்டும் ஜெபத்தில் தன் இடத்தை விட்டுக்கொடுக்கவில்லை.

அந்த முழங்காலுக்கு ஒரு நோவும் கிடையாது. எழுபதைத் தாண்டிய பிறகும் அது நல்ல தேக்கு மாதிரி இருந்தது. வீட்டில் ஆள் இல்லாத நேரத்தில் ஞானாபரணம் மாடிப்படியை நிற்காமல் ஏறுவார். மொட்டை மாடியில் காய்ந்த துணியை வாரிக்கொண்டு நிற்காமல் இறங்குவார். வாசலில் ஆள் வரும் சத்தம் கேட்டால் கைத்தடியைத் தேடுவார்.

பொய் சொல்லிப் பழகிய குடும்பமா என்றால், இல்லை. அப்படியொரு குடும்பமாக இருந்திருந்தால் இதைச் சொல்லவே வேண்டியிருக்காது. ஞானாபரணத்தின் தாத்தா திருநெல்வேலிச் சீமையிலிருந்து மிளகு வியாபாரக் கம்பெனி ஒன்றுக்குக் கணக்கெழுத வந்தவர். இங்கே தமிழில் ஜெபம் பண்ண ஓர் இடமில்லையே என்று, பிற்பாடு சொந்தமாக வாங்கிய குடோனின் முன்பகுதியை ஒழித்துக் கொடுத்தார். அதுதான் பின்னால் கோவிலாயிற்று. மணி அவர் வாங்கிப்போட்டது. பெஞ்சுகள் ஞானாபரணத்தின் அப்பா செய்துகொடுத்தது. கூரையைப் பிரித்து மாற்றியது ஞானாபரணம். அவர்கள் குடியிருந்த கூவப்பாடத்தில் பெத்தேல் வீடு என்றால், கையை நீட்டினால் கொடுப்பதற்குத்தான் நீட்டுவார்கள் என்று ஊருக்குத் தெரியும். மனிதரிடம் மட்டுமல்ல, ஆண்டவரிடமும் அவர்கள் நன்றி சொன்னது உண்டு, இதைத் தாரும் என்று நின்றது கிடையாது. கேட்பது அந்த வீட்டுக்கு இழுக்கு.

ஒரே ஒரு தடவை கேட்டார். மனைவி செல்வக்கனி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, வராந்தாவின் கோடியில் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு, யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு கேட்டார். "கனியை எனக்குத் தாரும்." வாழ்க்கையில் முதல் தடவை என்பதால் எப்படிக் கேட்பது என்றுகூடத் தெரியவில்லை. ஈஸ்டருக்கு முந்தின நாள் கனி போய்விட்டாள்.

அடக்கம் முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை, வெள்ளை வேஷ்டி சட்டை உடுத்து, குடையைக் கையில் எடுத்து, கேட் வரைக்கும் போனார். அதற்கு மேல் கால் போகவில்லை. திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஆராதனை முடிந்ததும் சபைச் செயலாளர் மாசிலாமணி பதறிக்கொண்டு வந்து என்ன ஆயிற்று என்று கேட்டார். பெத்தேல் வீட்டு ஞானாபரணம் என்ன பதில் சொல்வார்? எனக்கும் ஆண்டவருக்கும் பேச்சு வார்த்தை இல்லை என்றா? சாயங்காலத்துக்குள் தோப்பும்படி ஜங்ஷன் வரை பரவிவிடும். மூன்று தலைமுறையின் பெயர் சந்தியில் கிடக்கும். அவருடைய கை தானாக முழங்காலில் போய் விழுந்தது.

"முழங்கால்" என்றார். அந்த ஒரு சொல்தான். மீதியை மாசிலாமணி பார்த்துக்கொண்டார்.

பொய் என்பது வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி தன்னைத்தானே பராமரித்துக்கொள்ளாது. நாம்தான் அதற்குச் செய்ய வேண்டும். மகன் கிங்ஸ்லி காக்கநாட்டு ஆபீஸிலிருந்து வரும் வழியில் முழங்காலுக்கு உறை வாங்கி வந்தான். பக்கத்து வீட்டு சரோஜம்மா, கார்ப்பரேஷனில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், தன் கையால் காய்ச்சிய எண்ணெயை மாதந்தோறும் பாட்டிலில் கொண்டுவந்து தந்தாள். எதிர்வீட்டு லக்ஷ்மிநாராயணன், பாலக்காட்டில் ஒரு வைத்தியர் இருக்கிறார், எண்ணெய் வைத்து நீவிவிடும் ஒரே உழிச்சலில் எழுந்து ஓடலாம் என்று பார்க்கும்போதெல்லாம் சொன்னார். ஞானாபரணம் எல்லாருக்கும் நன்றி சொன்னார். சனிக்கிழமை இரவுச் சாப்பாட்டுக்கு முன்பாக எண்ணெயை நன்றாகப் பூசிக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமை யாராவது விசாரிக்க வந்தால் வீட்டில் அந்த வாசனை இருக்க வேண்டும் அல்லவா?

நொண்டுவதற்கும் ஓர் எல்லை வைத்திருந்தார். வீட்டிலிருந்து அரண்மனை ரோடு வரை நொண்ட வேண்டும். படகுத் துறை தாண்டிவிட்டால் வேண்டாம். எறணாகுளத்துக் கரையில் இறங்கினால் பட்டாளத்துக்காரர் மாதிரி நடப்பார். அப்படி ஒரு நாள் அங்கே பிராட்வே கடைவீதியில் குக்கருக்கு வாஷர் வாங்கப் போய், கூட்டத்தை வெட்டிக்கொண்டு நடந்தபோது, எதிரே துணிக்கடை வாசலில் சுகிர்தம் மதினி நின்றிருந்தாள். கனியின் அக்கா. ஞானாபரணம் அந்த நிமிஷமே நொண்டத் தொடங்கினார். நாலு அடி நொண்டிய பிறகுதான், வழக்கமான வலது காலுக்குப் பதில் இடது காலை இழுத்துக்கொண்டிருப்பது தெரிந்தது. நடுவில் மாற்ற முடியுமா? அப்படியே இழுத்துக்கொண்டு போய் நலம் விசாரித்தார். மதினியின் கண் நிறைந்துவிட்டது. அடுத்த ஞாயிறு முதல் சபையில் அண்ணாச்சியின் இரண்டு முழங்கால்களுக்காகவும் ஜெபித்தார்கள்.

வெளியே இப்படி. உள்ளே வேறு மாதிரி இருந்தது. முன்பெல்லாம் விடிகாலையில் எழுந்து உட்கார்ந்ததும் அவர் ஆண்டவரோடு பேசுவார். ஜெபம் என்று பெயர் சொல்ல முடியாத பேச்சு; மழை வரும் போலிருக்கிறது, மிளகு விலை இறங்கிவிட்டது, கனிக்கு நேற்று சளி என்பது மாதிரி. இப்போதும் விழித்ததும் பழக்கத்தில் வாய் திறக்கும். உடனே மூடிக்கொள்வார். மாலையில் குடும்ப ஜெபத்துக்கு அவர்தான் தலைவராக உட்கார்ந்தார். மருமகள் எப்சிபா வேதம் வாசிப்பாள், அவர் உரக்க ஆமென் சொல்வார். அந்த ஆமென் நாற்காலியிலிருந்து வந்தது; அவரிடமிருந்து வரவில்லை. சாப்பாட்டில் ருசி போய்விட்டது. பேப்பரைப் படித்தாலும் யாரிடமோ சண்டை போடுகிற மாதிரிதான் படித்தார். கோபத்தை வைத்துக்கொண்டே மிச்ச காலத்தை ஓட்டிவிடலாம் என்று நினைத்திருந்தார். ஆனால் கோபம் தீர்ந்துபோய் வெகுகாலமாகிவிட்டது. கோபம் போன பிறகும் பேச்சு தொடங்கவில்லை. யார் முதலில் பேசுவது என்பதுதான் இப்போது மிஞ்சியிருந்த வழக்கு. பெத்தேல் வீட்டார் முதலில் இறங்கிப் போகிறவர்கள் அல்ல.

அந்த நிலையில்தான் புதுப் போதகராக ஜெஃப்ரின் அய்யர் வந்தார்; போதகரை அய்யர் என்பது சபை வழக்கம். கன்னியாகுமரிப் பக்கத்துப் பையன், கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகவில்லை, ஸ்கூட்டரில்தான் வீடு சந்திப்பு. ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில் ஒரு மதியம் பெத்தேல் வீட்டுக்கு வந்தவர் சாயாவை வாங்கி வைத்துவிட்டுக் குடிக்கவே இல்லை. முகம் வாடியிருந்தது.

"எங்க மேல பெரிய தப்பு ஐயா" என்றார். "கோவிலுக்கும் உங்க வீட்டுக்கும் கூப்பிடு தூரம். இத்தனை வருஷமா நீங்க திருவிருந்து எடுக்காம இருக்கீங்க. கொண்டுவந்து குடுக்கணும்னு ஒருத்தருக்கும் தோணல பாத்தீங்களா?"

என்னைவிட நோவுள்ளவர்கள் சபையில் இருக்கிறார்கள், அவர்களைக் கவனியுங்கள் என்று ஞானாபரணம் பெருந்தன்மையாகச் சொல்லிப் பார்த்தார். அது அய்யரை இன்னும் உருக்கிவிட்டது. பெரிய வியாழக்கிழமை, சாயங்கால ஆராதனைக்கு முன்னால், தானே அப்பமும் திராட்சரசமும் கொண்டுவருவதாகச் சொன்னார். இவருடைய மேசையிலேயே வைத்துத் தருவாராம்.

"நீங்க ஒரு அடி எடுத்து வைக்க வேண்டாம் ஐயா. ஆண்டவரே வருவாரு."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். ஞானாபரணத்துக்கு அது வக்கீல் நோட்டீஸ் மாதிரி இருந்தது.

எப்சிபாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஜன்னல் கம்பிகளைத் துடைத்தாள். அத்தை பெட்டியில் வைத்திருந்த வெள்ளை மேசைவிரிப்பை எடுத்துக் கஞ்சி போட்டாள். "மாமாவுக்கு எத்தர காலத்துக்குப் பின்னாடி" என்று போனில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். ஞானாபரணம் அந்த நாட்களில் சரியாகத் தூங்கவில்லை. ஆண்டவரோடு பேசாமலிருப்பது ஒன்று. அது குடும்பத்துக்குள் நடக்கிற கோபம். எந்த வீட்டில் இல்லை? ஆனால் அவருடைய பந்தியில் பொய்யாக உட்கார்ந்து கை நீட்டுவது களவு. அந்த வீட்டில் யாரும் அதைச் செய்ததில்லை. அவருடைய அப்பா, தம்பியோடு வரப்புத் தகராறு இருந்த வருஷம் முழுக்க, மனத்தாங்கலோடு பந்தியில் சேரக் கூடாதென்று திருவிருந்து ஞாயிறுகளில் எழுந்து வெளியே போய் மரத்தடியில் நின்றவர்.

என்ன வழி என்று யோசித்தார். களமசேரியில் இருக்கும் பழைய சிநேகிதர் வீட்டுக்கு அன்று போய்விடலாம். முழங்கால் வலிக்காரர் களமசேரிக்கு எப்படிப் போனார் என்று கேட்பார்கள். திடீரென்று குணமாகிவிட்டது என்று சொல்லலாம். அப்புறம் சபைக்கு நடுவில் நின்று சாட்சி சொல்ல வேண்டும். பொய்க்கு மேல் பொய்யாக அற்புதம் வேறு. உள்ளதைச் சொல்லிவிடலாம். அந்த இடத்துக்கு வந்ததும் யோசனை நின்றுவிடும். மூன்று தலைமுறை கட்டிய பெயர், ஒரு முழங்காலில் போய்விடுமா?

பெரிய வியாழனும் வந்தது. சாயங்காலம் ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று ஞானாபரணம் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அய்யரின் ஸ்கூட்டர் வந்து நின்றது. பின்னாலேயே ஓர் ஆட்டோ. அதிலிருந்து சுகிர்தம் மதினி இறங்கினாள்.

அவளை அவர் எதிர்பார்க்கவில்லை. தங்கை போன பிறகு அவள் இந்த வீட்டுக்குள் வந்ததே இல்லை. கனி இல்லாத வீட்டில் எனக்கு என்ன வேலை என்று ஒரு தடவை போனில் சொன்னாள், அதோடு சரி. பெத்தேல் வீட்டுக்கு உயரமான படிகள். வெள்ளம் ஏறும் என்று தாத்தா தூக்கிக் கட்டியது. மதினி முதல் படியில் நின்று மேலே பார்த்தாள். பிறகு பக்கவாட்டில் திரும்பி, கைப்பிடிச் சுவரைப் பிடித்து, ஒரு காலை வைத்து, மற்றதை அதனிடம் இழுத்துக்கொண்டு வந்து சேர்த்தாள். நின்றாள். மூச்சு வாங்கினாள். அய்யர் கை கொடுக்கப் போனதற்கு வேண்டாம் என்று தலையசைத்தாள். இவ்வளவு காலமாகத் தான் பழகி வைத்திருந்த நொண்டலில் எங்கெங்கே தப்பு என்று ஞானாபரணத்துக்கு அப்போதுதான் தெரிந்தது. உண்மையான முழங்கால் வலி முகத்தில் தெரிவதில்லை. அது ஆளை அவசரமில்லாதவளாக ஆக்கிவிடுகிறது.

அவர் போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்து தடியைப் பிடித்துக்கொண்டார்.

மதினி உள்ளே வந்ததும் முதலில் சுவரில் கனியின் படத்தைப் பார்த்தாள். எப்சிபா கொண்டுவந்த நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தாள். தான் கேட்டுத்தான் வந்ததாகச் சொன்னாள். இத்தனை ஞாயிறு ஜெபம் பண்ணின காலைக் கண்ணால் பார்க்க வேண்டும் போலிருந்ததாம்.

"பிராட்வேயில பாத்ததுக்கு இப்ப எப்படி இருக்கு மாப்பிள்ளை?"

"அப்படியேதான் இருக்கு மதினி" என்றார் ஞானாபரணம். அது உண்மைதான்.

அய்யர் பெட்டியைத் திறந்து, கனியின் மேசைவிரிப்பின் மேல் சின்னப் பாத்திரத்தையும் அப்பத்தட்டையும் வைத்தார். அங்கியைப் போட்டுக்கொண்டார். தொடங்குவதற்கு முன்னால், வந்திருக்கிற அம்மாவே சுகத்துக்காக ஒரு ஜெபம் பண்ணட்டும் என்றார். மதினி சேலைத் தலைப்பைத் தலையில் இழுத்துக்கொண்டு கண்ணை மூடினாள். அவளுக்கு ஜெபத்துக்கென்று தனிக் குரல் கிடையாது.

"ஆண்டவரே, நான் சுகிர்தம் வந்திருக்கேன். போன வாரமும் வந்தேன், அதுக்கு முந்தின வாரமும் வந்தேன். அதே சங்கதிதான். மாப்பிள்ளை காலு. நீரு இன்னும் சரியாக்கித் தரல. எனக்கு அதுல வருத்தம் இல்ல, உமக்கு என்னென்ன சோலியோ. கேக்கது என் பாடு, அதை நான் விட மாட்டேன். என் முட்டும் வலிக்கு, அது உமக்குத் தெரியும், அது கெடக்கட்டும். மொதல்ல அவரைப் பாரும். கனி இல்லாம அவரு ஒத்தையா இருக்காரு. இன்னைக்குத் தோதுப்படலன்னா சொல்லும், அடுத்த வாரமும் வாரேன்."

ஞானாபரணம் கண்ணைத் திறந்து மதினியைப் பார்த்தார். இந்த அம்மாள் வாரா வாரம் போய்க் கேட்டிருக்கிறாள். வாரா வாரம் இல்லை என்ற பதிலோடு திரும்பி வந்திருக்கிறாள். நோவில்லாத காலை ஆண்டவர் எப்படிக் குணமாக்குவார்? தன் மானத்தைக் காப்பாற்ற, அவரை இந்த அம்மாளுக்கு முன்னால் கைவிரிக்கிறவராக நிறுத்தி வைத்தது யார்? அப்படியும் அவள் கோபித்துக்கொள்ளவில்லை. தானோ ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டு, கிடைக்கவில்லை என்று முகத்தைத் திருப்பிக்கொண்டவர்.

ஆமென் சொல்ல அய்யர் வாயெடுத்தார்.

"நில்லுங்க அய்யரே" என்றார் ஞானாபரணம். தடியை மேசையில் சாய்த்துவிட்டு எழுந்து நேராக நின்றார். "என் காலுக்கு ஒண்ணும் இல்ல."

அய்யரின் முகத்தில் வெளிச்சம் வந்தது. மதினி கண்ணைத் திறந்து, நிற்கிற ஆளை மேலும் கீழும் பார்த்து, இரண்டு கைகளையும் கூப்பி, ஸ்தோத்திரம் என்றாள். ஞானாபரணத்துக்குப் புரிந்தது. அவள் ஜெபித்து முடித்த அந்த நேரத்தில்தான் அவர் எழுந்திருக்கிறார். ஒன்றுமே பேசாமல் நின்றாலே போதும். பெயரும் போகாது, மதினியின் ஜெபமும் பலித்த மாதிரி இருக்கும், சபையும் கொண்டாடும். இவ்வளவு அழகான வாசல் ஒரு பொய்க்காரனுக்கு யார் திறந்து வைப்பார்கள்?

அவர் அதைப் பார்த்தார். அந்த வழியாகப் போனால் திரும்பி வருவதற்கு வழி இருக்காது என்றும் பார்த்தார்.

"இப்ப குணமாகல மதினி. எப்பவும் நோவு இருந்ததே இல்ல. பொய்."

"பிராட்வேயில நொண்டினீரே?"

"நடிப்பு."

"ரெண்டு காலுமா?"

"அன்னைக்குக் காலு மாறிப்போச்சு."

எப்சிபா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு இது புதிதில்லை என்று அவள் நின்ற விதத்திலேயே தெரிந்தது. "மொட்ட மாடித் துணி தானா எறங்கி வருமா மாமா?" என்றாள் மெல்ல. "அத்தை போன சங்கடம்னு நான் விட்டேன். சாரமில்ல, போகட்டும்."

மதினி விடவில்லை. முகம் சிவந்துவிட்டது. "எத்தன ஞாயிறுய்யா! மழையில நனைஞ்சுட்டு வந்து உம்ம முட்டுக்கு ஜெபம் பண்ணினேன். என் முட்டைச் சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு உம்ம முட்டைச் சொன்னேன். இதுக்கா?"

"இதுக்குத்தான்" என்றார் ஞானாபரணம். அவரை யாரும் இப்படி நிற்க வைத்துக் கேட்டதில்லை. கேட்டது நியாயம் என்பதால் நின்றார்.

மதினி மூச்சு வாங்கிக்கொண்டாள். அப்புறம் குரல் இறங்கியது. "நோவே இல்லாதவனாய்யா இத்தனை வருஷம் கோவிலுக்கு வராம இருப்பான்? எங்கேயோ நோவுதுல்லா? அதைச் சொல்லும்."

ஞானாபரணம் மேசைவிரிப்பின் ஓரத்தைத் தடவினார்.

"கனியைத் தாரும்னு கேட்டேன். என் ஆயுசுல நான் கேட்டது அது ஒண்ணுதான். தரல."

மதினி சுவரில் இருந்த படத்தைப் பார்த்தாள். "நானும் அதையேதான் கேட்டேன். என் கையால வளத்த பிள்ள. எனக்கும் தரல." சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நான் நல்லாச் சண்டை போட்டேன் மாப்பிள்ளை. கோவில்லயே உக்காந்து போட்டேன். என் தங்கச்சியை எடுத்துக்கிட்டீரே, உமக்கு நல்லாருக்கான்னு கேட்டேன். வராம இருக்கணும்னு தோணல. வீட்டுல உக்காந்துக்கிட்டா யாருகிட்ட போய்ச் சண்டை போட?"

ஞானாபரணம் நாற்காலியில் உட்கார்ந்தார். முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். கனியின் அடக்கத்தில்கூட அழாதவர். வந்தவர்களை உபசரிக்க ஆள் வேண்டும் என்று நின்றவர். மதினி எழுந்து வர முயன்று, முடியாமல், நாற்காலியை இழுத்து அவர் பக்கம் போட்டுக்கொண்டாள். தோளில் கை வைத்தாள். எப்சிபா உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். இளவயதுப் போதகர், இந்த இடத்தில் தான் பேசுவதற்கு ஒன்றுமில்லை என்று தெரிந்தவராக நின்றார். அதற்காகவே ஞானாபரணத்துக்கு அவரைப் பிற்பாடு பிடித்துப்போயிற்று.

எல்லாம் அடங்கியதும் ஞானாபரணம் மேசையைப் பார்த்தார். இப்போது தருவீர்களா என்று கேட்பது போலிருந்தது அவர் பார்வை. அய்யர் தயங்கிவிட்டு, பாத்திரத்தை எடுத்துத் திரும்பவும் பெட்டிக்குள் வைத்தார்.

"இது நடக்க முடியாதவங்களுக்குக் கொண்டுவர்றது ஐயா. உங்களுக்கு இங்க வச்சுத் தர முடியாது." பிறகு சிரித்துக்கொண்டே சொன்னார்: "இன்னும் முக்கா மணிக்கூறு இருக்கு. கோவில் பக்கந்தான்."

ஞானாபரணம் உள்ளே போய் வெள்ளை வேஷ்டி சட்டை உடுத்து வந்தார். முழங்கால் உறையைக் கழற்றிக் குப்பைக் கூடையில் போட்டார். தடியை எடுத்து மதினியிடம் கொடுத்தார். முழங்கால் நோவுக்கென்று வாங்கினது, நோவு உள்ளவர்களிடமே இருக்கட்டும் என்றார். அவள் அதைப் பிடித்து ஊன்றிப் பார்த்து, கொஞ்சம் உயரம் கூடுதல் என்று குறை சொன்னாள். அவளை எப்சிபா ஆட்டோவில் ஏற்றிக்கொண்டாள். அய்யர் ஸ்கூட்டரில் ஏறச் சொன்னதற்கு ஞானாபரணம் மறுத்துவிட்டார். நடந்துதான் போக வேண்டும். இந்த ரோடு பூராவும் நொண்டியிருக்கிறார். இந்த ரோடு பூராவும் நேராக நடந்து காட்டினால்தான் கணக்கு சரியாகும்.

கேட்டைத் திறந்ததுமே சரோஜம்மா வாசலில் நின்றிருந்தாள். கை வீசி நடந்து வருகிறவரைப் பார்த்து வாயில் கை வைத்தாள்.

"ஞானண்ணா, நான் சொன்னேன்ல! எண்ணெய் பிடிச்சிருச்சு பாத்தீங்களா?"

இன்னொரு வாசல். இது சின்னது. ஞானாபரணம் நின்றார். எண்ணெய் நல்ல எண்ணெய்தான், காலில்தான் ஒன்றும் இருக்கவில்லை, உன்னிடம் பொய் சொல்லி மாதா மாதம் வாங்கிக்கொண்டேன் என்று சொன்னார். சரோஜம்மா அவருடைய காலை ஒரு தடவை பார்த்தாள். பிறகு, பாட்டில்களையாவது திருப்பித் தந்திருக்கலாம் என்றாள். எதிர்வீட்டு லக்ஷ்மிநாராயணன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பாலக்காட்டு வைத்தியரிடம் எப்போது போனீர்கள் என்று பால்கனியிலிருந்து கேட்டார். அவருக்கும் சொன்னார். அரண்மனை ரோடு வந்து சேருவதற்குள் இன்னும் இரண்டு பேருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லச் சொல்ல நடை வேகமாயிற்று. இஞ்சிக் குடோன்களின் வாசனை அவருக்கு ரொம்ப நாளைக்குப் பிறகு நன்றாகத் தெரிந்தது.

கோவிலில் முன்பெஞ்சில் அவருடைய இடம் காலியாகத்தான் இருந்தது. யாரும் அங்கே உட்காருவதில்லை போலிருக்கிறது. அவர் உள்ளே நுழைந்ததும் பெஞ்சு பெஞ்சாகத் தலைகள் திரும்பின. மாசிலாமணி பாதி எழுந்துவிட்டார். ஆராதனை நடந்தது. பொது ஜெபத்தில் அய்யர் வழக்கமான இடத்துக்கு வந்ததும் நிறுத்தினார். என்ன சொல்வதென்று தெரியாமல் நிறுத்தியதா, வேண்டுமென்றே நிறுத்தியதா என்று சொல்ல முடியாது. ஞானாபரணம் எழுந்தார்.

"சபையார் மன்னிக்கணும்" என்றார். சொந்தக் குரலே அவருக்குப் புதிதாக இருந்தது. "என் முழங்காலுக்காகப் பண்ணின ஜெபம் போதும். அது பொய் நோவு. கனி போனதில ஆண்டவர் மேல வருத்தப்பட்டு நான் வராம இருந்தேன், அதை மறைக்கச் சொன்ன பொய். முழங்கால் நோவு சுகிர்தம் மதினிக்குத்தான் இருக்கு, அவங்களுக்காக ஜெபியுங்க. எனக்காகக் கேக்கதா இருந்தா, நான் திரும்பவும் அவரோட பேசப் பழகணும்னு கேளுங்க."

உட்கார்ந்தார். பின்னால் யாரோ இருமினார்கள். கூரை இடிந்து விழவில்லை. அவர் போட்ட கூரைதான். அய்யர் கண்ணை மூடி, இவர் சொன்ன இரண்டையும் அப்படியே ஜெபத்தில் சேர்த்துக்கொண்டார். சபை முழுக்க ஆமென் சொன்னது. அந்த ஆமென் முதுகில் தட்டிக்கொடுத்த மாதிரி இருந்தது ஞானாபரணத்துக்கு.

திருவிருந்து எடுக்க முன்னால் போய் முழங்காலில் நின்றார். முதலில் மன்னிப்புக் கேட்பதாகத்தான் நினைத்திருந்தார். கண்ணை மூடியதும் வந்தது வேறு. ஏன் தரவில்லை என்று கேட்டார். நான் அவளை எவ்வளவு ஆசையாக வைத்திருந்தேன் என்று சொன்னார். வீடு எப்படி இருக்கிறது தெரியுமா என்றார். காலையில் வாய் திறந்து மூடுகிறேனே, பார்த்துக்கொண்டுதானே இருந்தீர் என்றார். ஒன்றன் பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தது. பதில் ஒன்றும் வரவில்லை. ஆனால் எதிரே ஆள் இருந்து கேட்கிற மௌனத்துக்கும், ஆளில்லாத வீட்டு மௌனத்துக்கும் உள்ள வித்தியாசம் அவருக்குத் தெரியும். பேச்சு தொடங்கிவிட்டது. வழக்கு தீரவில்லை, தீராவிட்டாலும் பரவாயில்லை என்று இருந்தது. அய்யர் தட்டோடு எதிரில் வந்து நிற்பதைக் கண்ணைத் திறந்தபோதுதான் பார்த்தார். எவ்வளவு நேரமாகக் காத்திருந்தாரோ. ஞானாபரணம் இரண்டு கைகளையும் சேர்த்து ஏந்தினார்.

ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது ஒவ்வொருவராக வந்து கையைப் பிடித்தார்கள். மாசிலாமணி மட்டும், முதல் ஞாயிறு தானே போய் விசாரித்ததைச் சொல்லி, என்னிடமாவது சொல்லியிருக்கலாம் என்று வருத்தப்பட்டார். சொல்லியிருக்கலாம் என்று ஞானாபரணம் ஒத்துக்கொண்டார். வாசலில் ஆட்டோவில் மதினி தடியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இனிமேல் பெத்தேல் வீட்டுக்கு வந்து போக வேண்டும், கனியின் விரிப்பு கஞ்சி போட்டபடி மேசையில் கிடக்கிறது, சாப்பிட ஆள் வேண்டும் என்று அவர் சொன்னார். ஈஸ்டருக்கு வருவதாகச் சொன்னாள். ஆட்டோ கிளம்பும்போது தலையை வெளியே நீட்டினாள்.

"நாளைக்குப் பெரிய வெள்ளி மாப்பிள்ளை. மூணு மணி நேர ஆராதனை. முட்டு வலிக்குன்னு ஆளனுப்பிராதேயும்."